குண்டு எங்கே போய் நிற்கும்?



சினிமாவில் வில்லன் தூரத்திலிருந்து சுடுவான். "டுமீல்" சத்தம் கேட்டதும் ஹீரோ சட்டென்று குனிந்து தப்பித்துவிடுவார். நிஜத்தில் அது நடக்காது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்க.

நம் நாட்டில் ராணுவமும் போலீஸும் பல வருடம் பயன்படுத்திய 7.62 மில்லிமீட்டர் ரைபிளை எடுத்துக்கொள்வோம். அதன் குண்டு ஒரு பட்டாணி அகலம்தான். எடை சுமார் 9.5 கிராம். குழலை விட்டு வரும்போது வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 840 மீட்டர். ஒலியின் வேகமோ 340 மீட்டர்தான். ஒரு கிலோமீட்டரைக் குண்டு இரண்டு வினாடிக்குள் கடந்துவிடும். சத்தம் வந்து சேர மூன்று வினாடி ஆகும். அதாவது குண்டு பட்ட பிறகுதான் சத்தமே வரும்! (ஹீரோ பாவம்.)

போகப் போகக் காற்று குண்டைத் தடுக்கும். வேகம் பாதியானால் இயக்க ஆற்றல் கால்வாசியாகிவிடும், ஏனென்றால் சூத்திரத்தில் வேகத்தின் வர்க்கம் வருகிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழல் வாயில் சுமார் 3350 ஜூல். ஒரு கிலோமீட்டர் தாண்டும்போது வேகம் ஒலியின் வேகத்துக்குப் பக்கத்தில் இறங்கி, ஆற்றல் சுமார் 550 ஜூல் ஆகிவிடும். கிட்டத்திலிருந்து சுட்டால் இரும்புத் தகட்டைத் துளைக்கிற குண்டு, இப்போது அதே தகட்டில் பட்டு நசுங்கி விழலாம்.

அப்போ பயமில்லை என்று நினைக்காதீங்க. மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்துக்கே சுமார் 130 ஜூல்தான். அதைப் போல நாலு மடங்கு, அதுவும் பட்டாணி அகலத்துக்குள் வந்து குத்துகிறது! 2021 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, துப்பாக்கி சுடும் பயிற்சி இடத்திலிருந்து வந்த குண்டு, ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் வீட்டில் இருந்த சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரியில் அவன் இறந்துபோனான். 11 வயசு. நம்மைவிடச் சின்னப் பையன்.

இவ்வளவு தூரம் எப்படி வரும்? பாகைமானியை எடுத்து ஒரு டிகிரி எவ்வளவு என்று பாருங்க. ஒரு குட்டிக் கோடுதான். குழலை அவ்வளவு தூக்கினாலே குண்டு ஒரு கிலோமீட்டர் போகும். நன்றாகத் தூக்கினால் மூன்று கிலோமீட்டருக்கு மேலேயும் போகும். இன்னொரு வழியும் உண்டு. குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்வாக வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அதே மாதிரி குண்டும் பாறையிலோ தண்ணீரிலோ சாய்வாகப் பட்டால் உள்ளே போகாமல் எகிறிவிடும். அதனால்தான் சுடும் இடத்தில் இலக்குக்குப் பின்னால் கல் இல்லாத மண்மேடு போடுகிறார்கள். மண் குண்டை விழுங்கிவிடும்.

பயிற்சி நாளில் அங்கே சிவப்புக் கொடி ஏற்றுவார்கள். கொடி தெரிந்தால் அந்தப் பக்கம் ஆடு மாடு ஓட்டிப் போகாதீங்க. பித்தளைத் தோட்டா பளபளவென்று கிடந்தாலும் பொறுக்காதீங்க. சில நேரம் வெடிக்காததும் அதில் கலந்து கிடக்கும்.