அழைப்புப் பணியும் அன்னையின் அனுமதியும்

  

பரீட்சை முடிந்து விடுமுறை தொடங்கியதும், கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் போன்ற ஊர்களில் மஃரிபுக்குப் பின் நடைபெறும் பயான்களின் இறுதியில் வாலிபர்கள் எழுந்து நின்று பெயர் கொடுப்பதைக் காண்கிறோம். மூன்று நாட்கள், நாற்பது நாட்கள், நான்கு மாதங்கள் என்று அவரவர் சக்திக்கேற்ப நிய்யத் செய்கிறார்கள். மனம் குளிர்கிறது. அதே வேளையில், பெயரை எழுதும் பெரியவர் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்: "தம்பி, அம்மாவிடம் கேட்டுவிட்டீர்களா?" இக்கேள்வியைப் பலர் ஒரு சடங்காகவே கருதுகின்றனர். உண்மையில் இது மார்க்கச் சட்டத்தோடு தொடர்புடைய கேள்வியாகும்.

அறப்போருக்குச் செல்ல அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம், பெற்றோர் உயிருடன் இருக்கிறார்களா என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஆம் என்றதும், அவர்களுக்குப் பணி செய்வதிலேயே உம் உழைப்பைச் செலுத்தும் என்ற கருத்தில் திருப்பி அனுப்பினார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. பெற்றோரை அழ வைத்துவிட்டு ஹிஜ்ரத் செய்ய வந்த இன்னொருவரிடம், திரும்பிச் சென்று அவர்களைச் சிரிக்க வைக்குமாறு ஏவியதாக அபூதாவூதில் காணப்படுகிறது.

இவற்றிலிருந்து இமாம்கள் எடுத்துரைக்கும் சட்டம் தெளிவானது. ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே கடமையான ஒன்றை (ஃபர்ளு ஐன்) நிறைவேற்றுவதைத் தடுக்கப் பெற்றோருக்கு அதிகாரமில்லை. சிலர் செய்தால் மற்றவர் மீதிருந்து நீங்கிவிடும் கடமைக்காகவும் (ஃபர்ளு கிஃபாயா), நஃபிலான காரியத்திற்காகவும் வெளியேறுபவர் பெற்றோரின் இசைவைப் பெறவேண்டும். அதிலும், தாய் நோயுற்று, அருகிலிருந்து கவனிக்க வேறு யாருமில்லை எனில், அம்மகனுடைய 'அல்லாஹ்வின் பாதை' அந்த வீட்டின் வாசலுக்குள்ளேயே இருக்கிறது. மருந்தை நேரத்தில் எடுத்துக் கொடுப்பதும், கழிவறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்வதும் அவரது வணக்கமாகும்.

"அப்படியானால் தாய் மறுத்தால் தீன் பணியே நின்றுவிடாதா?" என்று சில வாலிபர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு இஸ்லாத்தின் முதல் இளம் அழைப்பாளரின் வாழ்விலிருந்தே விடை காண்போம்.

முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்கள் மக்காவின் செல்வந்தக் குடும்பத்தில் பிறந்தவர்கள். அவர்களுடைய தாயார் குனாஸ் பின்த் மாலிக், மகனுக்கு உயர்ந்த ஆடைகளும் நறுமணங்களும் கொடுத்து வளர்த்தவர். மகன் இஸ்லாத்தைத் தழுவியதை அறிந்ததும் அவரே மகனைப் பிடித்துச் சிறை வைத்தார். முஸ்அப் (ரலி) அவர்கள் அங்கிருந்து தப்பி ஹபஷா நாட்டிற்கு ஹிஜ்ரத் செய்தார்கள். பின்னர் கி.பி. 621-ல் முதல் அகபா உடன்படிக்கை நிறைவேறியதும், மதீனத்து மக்களுக்குக் குர்ஆனைக் கற்பிக்க நபி (ஸல்) அவர்கள் இவர்களையே தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள்.

மதீனாவில் அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி) அவர்களின் இல்லத்தில் தங்கினார்கள். ஒருநாள் உஸைத் இப்னு ஹுளைர் ஈட்டியுடன் வந்து, ஊரை விட்டு வெளியேறுமாறு அதட்டினார். முஸ்அப் (ரலி) அவர்களோ, சற்று அமர்ந்து கேளுங்கள், பிடித்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், பிடிக்காவிடில் நிறுத்திக்கொள்கிறோம் என்ற பொருளில் பதிலளித்தார்கள். ஈட்டியைத் தரையில் ஊன்றிவிட்டு அமர்ந்தவர் இஸ்லாத்துடன் எழுந்தார். அடுத்து ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களும், அவர்களைத் தொடர்ந்து அவர்தம் குலத்தாரும் இணைந்தனர். மறுஆண்டு ஹஜ்ஜுக் காலத்தில் எழுபதுக்கும் மேற்பட்டோர் அகபாவில் வந்து வாக்களித்தனர்.

அந்தப் பயணத்தில் முஸ்அப் (ரலி) அவர்கள் மக்காவுக்கு வந்தபோது நிகழ்ந்ததை இப்னு ஸஅத் தமது தபகாத்தில் குறிப்பிடுகிறார். மகன் ஊருக்குள் வந்தும் தன்னிடம் முதலில் வரவில்லையே என்று தாயார் குறைப்பட்டுச் சொல்லியனுப்பினார். எத்தனை பகை இருந்தும், மகன் முதலில் தன் வாசலுக்கு வரவேண்டுமென ஏங்கிய தாயுள்ளத்தைக் கவனியுங்கள்! அல்லாஹ்வின் தூதரைக் காணும் முன் வேறெவரையும் காண்பதற்கில்லை என்று மறுமொழி அனுப்பிய மகன், நபியவர்களைச் சந்தித்து மதீனத்துச் செய்தியைக் கூறிய பின் நேராகத் தாயிடமே சென்றார்கள். தாய் மீண்டும் தடுத்து வைக்க முனைந்து, இயலாதெனக் கண்டு அழுதார். மகனோ, நான் உங்கள் நலம் நாடுபவன், உங்கள் மீது இரக்கம் கொண்டவன் என்று கூறி, கலிமாவின் பக்கம் அழைத்தார்கள். தாயார் ஏற்கவில்லை.

ஊர்த் தலைவர்களின் உள்ளங்களைத் திறந்த அந்த நாவால், பெற்ற தாயின் உள்ளத்தைத் திறக்க முடியவில்லை. ஆயினும் நலம் நாடும் இரக்கத்தோடுதான் தாயைக் கலிமாவின் பக்கம் அழைத்தார்கள். ஹிஜ்ரி 3-ல் உஹதில் அவர்கள் ஷஹீதானபோது, தலையை மூடினால் காலுக்கும், காலை மூடினால் தலைக்கும் எட்டாத ஒரு போர்வையே கஃபனாகக் கிடைத்தது. கால்களை இத்கிர் புல்லால் மூடி அடக்கினார்கள்.

கொள்கையில் இணங்காத தாயிடமும் மகனின் கடமை நீங்குவதில்லை. ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் தாயார், மகன் இஸ்லாத்தைக் கைவிடும்வரை உண்ணமாட்டேன், பருகமாட்டேன் என்று சபதம் செய்தபோது, இணைவைக்கச் சொன்னால் பணியாதே, எனினும் உலக வாழ்வில் அவர்களோடு அழகிய முறையில் உறவு கொள் என்ற கருத்தில் லுக்மான் அத்தியாயத்தின் வழிகாட்டல் வந்தது. இங்கே 'அழகிய முறை' என்பதை நம் பிள்ளைகள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும்.

இனி, ஜமாஅத்தில் செல்லும் வாலிபரின் அன்றாட வாழ்வைப் பார்ப்போம். சொந்தச் செலவு, சொந்தப் படுக்கை. ஃபஜ்ருக்குப் பின் மஷ்வரா, பிறகு தஃலீம், அஸருக்குப் பின் வீடு வீடாகக் கஷ்த், இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் தரையில் உறக்கம். கித்மத்தின் முறை வரும் நாளில் காய்கறி நறுக்கி, அடுப்பூதி, சுப்ரா விரித்து, பத்துப் பன்னிரண்டு பேர் உண்ட தட்டுகளைக் கழுவி வைக்கிறார். வீட்டில் தான் குடித்த தேநீர்க் கோப்பையைக்கூட எடுத்து வைக்காத பிள்ளை இவர்! அமீர் ஸாஹிப் அழைத்தால் ஓடோடி வருபவர், அம்மா அழைத்தால் மூன்றாம் முறைக்குத்தான் 'என்ன' என்கிறார். கித்மத் என்பது பயணத்தில் மட்டும் அணியும் தொப்பியா? நாற்பது நாட்களில் கற்றதை நாற்பத்தோராம் நாள் அம்மாவின் அடுப்படியில் காட்டவேண்டாமா?

இப்பணிக்கு 1920-களில் மேவாத்தில் வித்திட்ட மௌலானா முஹம்மது இல்யாஸ் (ரஹ்) அவர்களின் தாயார் குர்ஆனை மனனம் செய்தவர். திருமணத்திற்குப் பிறகே மனனம் செய்தார் என்றும், ரமளானில் அன்றாடம் ஒரு முழுக் குர்ஆனுக்கும் மேலாக ஓதுவார், வீட்டு வேலையும் தடைபடாது என்றும் மௌலானா அபுல் ஹஸன் அலீ நத்வீ (ரஹ்) எழுதியுள்ளார்கள். அழைப்பாளர் உருவாகுமிடம் எது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நம் பகுதிக்கே வருவோம். கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் செல்பவர் முதலில் சந்திப்பது, தலையில் விறகுக் கட்டோடும் இடுப்பில் குழந்தையோடும் நடக்கும் மலைவாழ் தாய்மார்களைத்தான். சாமையும் தினையும் மரவள்ளியும் விளைவித்து, கடுக்காயும் புளியும் சேகரித்து வாழும் மலையாளிப் பழங்குடியினர் அவர்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என எண்ணிவிடக் கூடாது. தமிழ் பேசும் மலைமக்கள். ஜாகீர்தார்களின் பிடியிலிருந்த இம்மலை 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்திற்கு வந்தது. பாதையில்லாத குக்கிராமங்களிலிருந்து நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வரும் அவலம் அதன் பின்னும் தொடர்ந்தது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் இம்மக்களின் நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

அவ்வாண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததை நாம் மறக்கவில்லை. பெற்ற மகனின் உடலருகே அமர்ந்த மூதாட்டிகளையும், தாய் தந்தை இருவரையும் ஒருசேர இழந்த பிள்ளைகளையும் நாடே கண்டது. அத்தகைய தெருவிற்குள் நுழையும் இளைஞர், மது ஹராம் என்று உரையாற்றத் தொடங்குமுன் அவ்வீட்டு அன்னையின் அருகில் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்கவேண்டும். அவர் எம்மதத்தவராயினும் சரியே. முஸ்அப் (ரலி) அவர்கள் கற்றுத்தந்த முறை நிர்ப்பந்தமற்றது. பிறர் வீட்டுத் தாயிடம் அந்தப் பொறுமை வரவேண்டுமெனில், அதைத் தன் வீட்டில் பழகியிருக்க வேண்டும்.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். உங்களைக் கவனிக்க ஆளிருந்து, உடலும் நலமாயிருந்து, மகன் நல்லோருடன் நல்ல பணிக்குச் செல்ல விரும்பினால், பாசத்தின் பெயரால் தடை சொல்லாதீர்கள். மகனே, நீங்களும் சென்ற இடத்திலிருந்து அன்றாடம் ஒருமுறை அழையுங்கள். பயானில் எத்தனை பேர் அமர்ந்தார்கள் என்று கூறுமுன் மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள்.

அபூஹுரைரா (ரலி) அவர்களின் தாயார் முதலில் இஸ்லாத்தை ஏற்காதிருந்தார். ஒருநாள் அவர் நபியவர்களைப் பற்றித் தகாத சொல் கூறிவிட, மகன் தாயுடன் வாதாடாமல் அழுதுகொண்டே நபியவர்களிடம் சென்று தாய்க்காக துஆச் செய்யக் கோரினார்கள். திரும்பி வந்தபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் புழங்கும் ஓசை கேட்டது. குளித்து, ஆடையணிந்து, கதவைத் திறந்த தாயார் கலிமாவை மொழிந்தார். சற்றுமுன் கவலையால் அழுதவர், இப்போது மகிழ்ச்சியால் அழுதபடி மீண்டும் நபியவர்களிடம் ஓடினார்கள். முஸ்லிமில் பதிவான நிகழ்ச்சி இது. ஐயாயிரத்திற்கும் அதிகமான ஹதீஸ்களை இந்த உம்மத்திற்கு அறிவித்த அந்த நபித்தோழர், தம் தாயார் மரணிக்கும்வரை, அவர்களைப் பிரிய நேருமே என்பதால் ஹஜ்ஜுக்குச் செல்லவில்லை. கடமையான ஹஜ்ஜை நபியவர்களின் காலத்திலேயே நிறைவேற்றிவிட்டதால், தாய்க்காக விட்டது நஃபிலான ஹஜ்ஜைத்தான் என்று இமாம் நவவீ (ரஹ்) விளக்குகிறார்கள்.