குடும்ப வழக்கும் கட்டணமில்லா வழக்கறிஞரும்

ஜீவனாம்சம், விவாகரத்து, பிள்ளை யாரிடம் வளர்வது, வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட மனைவி எங்கே தங்குவது: குடும்பநல வழக்குகள் பெரும்பாலும் இவற்றைச் சுற்றியே அமைகின்றன. ஒருவர் சம்பாத்தியத்தில் நடந்த குடும்பத்தில் அவரையே எதிர்த்து வழக்குப் போட வேண்டியவரிடம் வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இருப்பதில்லை. கையில் பணம் இல்லாததால்தான் வழக்கு. அதை நடத்தவும் பணம் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க இந்தியாவில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அரசே ஊதியம் கொடுத்து வழக்கறிஞரை அமர்த்தித் தரும் சட்ட உதவி. மற்றொன்று, வழக்கறிஞர்கள் தாமாகவே முன்வந்து கட்டணம் வாங்காமல் வழக்கை ஏற்று நடத்துவது.

சட்டத்தின் அடிப்படை

1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் 39ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. வறுமையோ வேறு குறைபாடோ காரணமாக எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அதற்காக இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று அது அரசுக்குக் கடமை விதிக்கிறது. அதைச் செயல்படுத்த 1987இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. தேசிய, மாநில, மாவட்ட ஆணைக்குழுக்களும் வட்ட அளவிலான குழுக்களும் இச்சட்டத்தின்படி இயங்குகின்றன. மாவட்ட ஆணைக்குழு மாவட்ட நீதிபதியின் தலைமையில் செயல்படும். அதன் அலுவலகம் பொதுவாக நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்.

யாருக்குக் கிடைக்கும்?

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. வேலைக்குப் போகும் பெண்ணும் கேட்கலாம், வசதியான வீட்டில் பிறந்த பெண்ணும் கேட்கலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் அப்படியே. இந்தப் பிரிவுகளில் வராத ஆண்களுக்கு மட்டுமே வருமான வரம்பு பார்க்கப்படுகிறது. தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். வருமானத்துக்கு விண்ணப்பதாரர் தரும் பிரமாணப் பத்திரத்தையே போதுமான சான்றாக ஏற்கச் சட்டம் இடம் தருகிறது. வழக்கில் முகாந்திரம் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் பொதுவான நிபந்தனை.

விண்ணப்பத்தை எழுத்தில் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அங்குள்ளவர்கள் எழுதிக்கொள்வார்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டால், ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள வழக்கறிஞர் ஒருவர் நியமிக்கப்படுவார். பட்டியலில் சேரக் குறைந்தது மூன்றாண்டு அனுபவம் வேண்டும். அவருக்கான ஊதியத்தை ஆணைக்குழு தரும். நீதிமன்றக் கட்டணம், மனு தயாரிக்கும் செலவு, தீர்ப்பு நகல் பெறும் செலவு ஆகியவையும் உதவியில் அடங்கும்.

குடும்ப வழக்கில் வழக்கறிஞரின் வேலை

1984ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றங்கள் சட்டப்படி, வழக்கறிஞரை வைத்துக்கொள்வதை யாரும் உரிமையாகக் கோர முடியாது. நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். கணவன் மனைவி நேரில் பேசித் தீர்க்கட்டும், வக்கீல் வாதங்களால் பகை வளர வேண்டாம் என்ற எண்ணத்தில் எழுந்த விதி இது. நடைமுறையில் அனுமதி பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. வழக்கறிஞர் இல்லாமல் தனியே வாதாடலாம் என்றாலும், எந்தச் சட்டத்தின் கீழ், எந்த ஊர் நீதிமன்றத்தில், எதைக் கேட்டு மனுப் போடுவது என்பதைச் சொல்ல அனுபவமுள்ள ஒருவர் தேவைப்படுகிறார்.

ஜீவனாம்சத்தையே எடுத்துக்கொள்ளலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவில் இருந்த இந்த உரிமை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவில் இருக்கிறது. தாய்வீட்டுக்கு வந்துவிட்ட மனைவி கணவனின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. தான் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் அதை இயன்றவரை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். கணவனின் உண்மை வருமானத்தை வெளிக்கொண்டு வருவதுதான் இத்தகைய வழக்குகளின் கடினமான பகுதி. 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி செய்தது. இருதரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம் மனுப் போட்ட நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும்.

தீர்ப்பு வந்த பிறகும் வேலை முடிவதில்லை. பணம் வராவிட்டால், பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் நிறைவேற்று மனுப் போட வேண்டும். அந்தக் கெடு தவறினால், அந்தப் பாக்கிக்கு இந்தப் பிரிவின் கீழ் வாரண்டு பெற முடியாது. இந்தக் காலக்கெடுவை நினைவில் வைத்து மனுப் போடும் வழக்கறிஞர் இருக்கும் வழக்குக்கும் இல்லாத வழக்குக்கும் வித்தியாசம் பெரிது.

வீட்டில் அடி உதை என்றால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் துணை நிற்கும். புகார் பெறும் காவல் அதிகாரி, இலவச சட்ட உதவி உண்டு என்பதைப் பெண்ணிடம் சொல்லியாக வேண்டும். அவ்வுதவி கிடைக்கச் செய்வது பாதுகாப்பு அலுவலரின் பொறுப்பு. பாதுகாப்பு, பணம் இவற்றோடு குடும்பம் நடந்த வீட்டிலேயே வசிக்கும் உத்தரவையும் இச்சட்டத்தில் கேட்கலாம்.

வழக்கு முழுவதும் நடந்தே தீர வேண்டும் என்பதில்லை. குடும்பநல நீதிமன்றங்கள் முதலில் சமரசத்துக்கு முயல வேண்டியவை. ஜீவனாம்சம் போன்ற பிரச்சினைகள் மக்கள் நீதிமன்றத்திலும் பேசி முடிக்கப்படுகின்றன. அங்கே ஏற்பட்ட உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன் மீது மேல்முறையீடு கிடையாது. அதனால் கையெழுத்திடும் முன் நிபந்தனைகளை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவது அவசியம்.

தாமாக முன்வருவோர்

இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகள், ஏழைகளுக்குத் தம் வசதிக்கு உட்பட்டு இலவசமாக உதவுவதை வழக்கறிஞர் ஒருவர் சமூகத்துக்கு ஆற்றும் உயர்ந்த கடமைகளில் ஒன்றாகக் குறிப்பிடுகின்றன. வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசிக் கட்டணம் வாங்குவதை அதே விதிகள் தடை செய்கின்றன. ஆகவே ‘ஜீவனாம்சம் வந்ததும் அதில் பாதி கொடுங்கள்’ என்று பேரம் பேசுவது விதிமீறல். தன்னார்வமாக வழக்கு நடத்த விரும்பும் வழக்கறிஞர்களையும் உதவி தேவைப்படுவோரையும் இணைக்க, மத்திய சட்ட அமைச்சகத்தின் நீதித்துறை 2017 முதல் ‘நியாய பந்து’ திட்டத்தை நடத்துகிறது. சட்டக் கல்லூரி மாணவர்கள் சட்ட உதவி மையங்களில் மனு எழுத உதவுகிறார்கள். சட்ட தன்னார்வலர்கள் கிராமங்களிலிருந்து மக்களை ஆணைக்குழுவுக்கு அழைத்து வருகிறார்கள். இவர்கள் வழக்கறிஞர்களாக இருக்க வேண்டியதில்லை.

குறைகள்

ஆணைக்குழு தரும் ஊதியம் தனியார் வழக்கில் கிடைக்கும் கட்டணத்தைவிட மிகக் குறைவு. அதனால் சிலர் இலவச வழக்கைப் பின்னுக்குத் தள்ளுவதுண்டு; வாய்தாவுக்கு மேல் வாய்தா போவதும் உண்டு. இலவசம் என்றால் தரமிருக்காது என்ற அவநம்பிக்கை மக்களிடம் வளர இதுவும் ஒரு காரணம். இதைச் சரிசெய்யவும் விதிகளில் இடமுண்டு. நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் எந்தப் பெயரிலும் பணம் கேட்கக் கூடாது. கேட்டாலோ, வழக்கைக் கவனிக்காவிட்டாலோ ஆணைக்குழுவிடம் புகார் செய்து வேறு வழக்கறிஞரைக் கேட்கலாம். வழக்குகளின் போக்கைக் கவனிக்க ஒவ்வோர் ஆணைக்குழுவிலும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும்.

சட்ட உதவி தேவைப்படுவோர் 15100 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்; அருகிலுள்ள நீதிமன்ற வளாகத்தின் சட்டப்பணிகள் அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். திருமணச் சான்று அல்லது அழைப்பிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஆதார், கணவர் வேலை பார்க்கும் இடம் பற்றிய விவரம் ஆகியவற்றை எடுத்துச் செல்வது நல்லது. இவற்றில் ஏதாவது இல்லையென்றாலும் தயங்காமல் போய் விண்ணப்பிக்கலாம். அந்த உதவியைக் கேட்பது சட்டம் தந்த உரிமை.