ஊதல் பிடித்த கை

ஹாக்கி மைதானத்தில் இருபத்திரண்டு பேர் மட்டையுடன் ஓடுகின்றனர்; இருவர் ஊதலுடன் ஓடுகின்றனர். வெற்றி கிடைத்தால் கோல் போட்டவளைத் தோளில் தூக்குகிறோம். தோற்றுவிட்டால் பழி ஊதல்காரர் தலையில் விழுகிறது. அம்பத்தூர், ஆவடி வட்டாரப் பள்ளிப் போட்டிகளிலும் இதற்குக் குறைவில்லை. நடுவரை ஏசுவது எளிது. நல்ல நடுவர் எவ்வாறு உருவாகிறார், அவர் சரியாகத் தீர்ப்புச் சொல்ல என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

2022 ஆகஸ்டில் பர்மிங்காம் நகரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை எடுத்துக்கொள்வோம். மகளிர் ஹாக்கி அரையிறுதியில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதின. நம் அணி ஒரு கோல் பின்தங்கி, வந்தனா கட்டாரியாவின் கோலால் சமன் செய்தது. முழு நேரம் முடிந்தபோது 1-1. அடுத்து ‘ஷூட்-அவுட்’. இதில் ஒருத்தி 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தை ஓட்டி வந்து எட்டே விநாடிகளுக்குள் கோல் போட வேண்டும். எதிரே நிற்பவள் கோல் காப்பவள் மட்டுமே. ஆஸ்திரேலியாவின் முதல் முயற்சியை நம் தலைவி சவிதா அழகாகத் தடுத்துவிட்டார். நம் பெண்கள் மகிழ்ந்த அந்தக் கணத்திலேயே, “செல்லாது, மீண்டும் ஆடுக” என்று அறிவிப்பு வந்தது. எட்டு விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கவே இல்லையாம்! இரண்டாம் முறை பந்து கோலுக்குள் போயிற்று. அந்த அதிர்ச்சியிலிருந்து நம் அணி மீளவில்லை. ஷூட்-அவுட்டில் 3-0 என்று தோற்றது. பன்னாட்டு ஹாக்கி சம்மேளனம் பின்னர் வருத்தம் தெரிவித்தது. தடுத்த பந்து என்னவோ தடுக்காததாகவே ஆகிவிட்டது. அதற்கடுத்த ஆட்டத்தில் நியூசிலாந்தை, அதுவும் ஷூட்-அவுட்டிலேயே, வென்று நம் பெண்கள் வெண்கலம் பெற்றது அவர்களுடைய மனத்திடம்.

இங்கே மைதான நடுவர் செய்த பிழை யாது? ஒன்றுமில்லை என்றே சொல்ல வேண்டும். கடிகாரம் ஓடாவிட்டால் முயற்சியைத் திரும்ப ஆட வேண்டும் என்பது நடைமுறை, அதன்படியே நடந்தது. ‘கடிகாரம் தயார்’ என்ற சைகை வருவதற்கு முன்பே ஆட்டம் தொடங்கிவிட்டது. குறை நடுவரின் கண்ணில் இல்லை. அவரைச் சுற்றியிருந்த ஏற்பாட்டில் இருந்தது. நடுவர் தரம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இதைத்தான் மறந்துவிடுகின்றனர்.

அந்தக் கண்களுக்கும் சோதனை சிறிதன்று. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் புல்தரை போய்ச் செயற்கைத் தளம் வந்தபின் ஆட்டத்தின் வேகம் பன்மடங்காகிவிட்டது. பந்து காலில் பட்டதா, எதிராளியின் மட்டையைத் தட்டினாளா, ஆபத்தாக உயர்ந்ததா என்பதை ஓடிக்கொண்டே முடிவு செய்ய வேண்டும். 1990-களின் பிற்பகுதியில் ‘ஆஃப்சைடு’ விதி நீக்கப்பட்டதால் ஒரு சுமை குறைந்தது. பனிக்கட்டித் தளத்தில் சறுக்கி ஆடும் ஐஸ் ஹாக்கியிலும் இதே கதைதான். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் நெடுங்காலம் ஒரே தலைமை நடுவரை வைத்து ஆட்டம் நடத்தியது. ஒருவரால் முடியாது என்று கண்டு, 2000-ஆம் ஆண்டளவில் எல்லா ஆட்டங்களுக்கும் இருவரை நியமித்தது.

வீடியோ வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று கேட்கலாம். அணி முறையிட்டால் வீடியோ நடுவர் படத்தைத் திருப்பிப் பார்த்துச் சொல்கிறார். முறையீடு பொய்த்தால் அந்த வாய்ப்பு போய்விடும். ஆகவே விளையாட்டாகக் கேட்க முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் படத்தைப் பார்ப்பவரும் மனிதரே. 2024 பாரிஸ் ஒலிம்பிக் கால் இறுதியில் பிரிட்டனுக்கு எதிராக ஆடிய அமித் ரோஹிதாஸின் மட்டை எதிராளியின் முகத்தில் பட்டது. வீடியோ பார்த்தபின் சிவப்பு அட்டை! நம் அணி 40 நிமிடங்களுக்கு மேல் பத்துப் பேருடன் ஆடி, ஷூட்-அவுட்டில் வென்றது. ரோஹிதாஸ் அரையிறுதியில் ஆட முடியாமற் போயிற்று. ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றோம். வீடியோ முடிவுகள் ஒரே சீராக இல்லை என்று ஹாக்கி இந்தியா முறைப்படி புகார் செய்தது. வேண்டுமென்றே ஓங்கிய மட்டையா, ஓட்டத்தில் பட்ட மட்டையா என்பதைப் படம் சொல்லாது. அதைப் பார்த்துத் தீர்மானிக்கப் பயிற்சி பெற்ற மனம் வேண்டும்.

அந்தப் பயிற்சிக்கு நேரமும் வருவாயும் வேண்டுமல்லவா? ஐஸ் ஹாக்கி லீக்கின் நடுவர்களுக்கு அதுவே தொழில். நம் ஹாக்கியிலோ பன்னாட்டு நடுவர் பலரும் வேறு வேலை பார்த்துக்கொண்டே விடுப்பில் வந்து ஊதுகின்றனர். கிரிக்கெட் இதில் முந்திக்கொண்டது. 2002-இல் முழுநேர நடுவர் குழு ஒன்று அமைந்தது. டெஸ்ட் ஆட்டங்களுக்கு இரு நடுவரும் மூன்றாம் நாட்டவர் என்ற முறையும் வந்தது. அக்குழுவில் நம் சென்னைக்காரர் எஸ். வெங்கட்ராகவனும் இருந்தார். கிண்டியில் பொறியியல் படித்தவர். 57 டெஸ்ட் ஆடியவர். பின்பு 73 டெஸ்ட் ஆட்டங்களுக்கு நடுவராக நின்றவர்.

பெண்களுக்கு இதில் இடமுண்டா என்று தயங்க வேண்டாம், தோழியரே. கொடகைச் சேர்ந்த அனுபமா புச்சிமண்டா ஹாக்கி ஆடியவர்; பிறகு ஊதலை எடுத்தவர். 2005-இல் சிலி நாட்டின் சாண்டியாகோவில் நடந்த மகளிர் ஜூனியர் உலகக் கோப்பையில் நடுவராகப் பணியாற்றினார். 2021 ஏப்ரலில் கொரோனா அவரை நாற்பது வயதையொட்டிக் கொண்டுபோய்விட்டது.

2023-இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையும், 2025-இல் மதுரையுடன் பகிர்ந்து ஜூனியர் உலகக் கோப்பையும் நடந்த எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம் நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. ஆவடியில் மின்சார ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் அங்கிருந்து சிறிது தூரம். அடுத்த முறை போகும்போது ஒரு கால் பகுதி ஆட்டம் முழுவதும் பந்தை விட்டுவிட்டு நடுவர் ஒருவரை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். பந்து வட்டத்துக்குள் வருவதற்கு முன்பே அவர் எங்கே போய் நிற்கிறார், எதிர்ப்பாதியில் இருக்கும் தோழரை எப்போது திரும்பிப் பார்க்கிறார், காதுக் கருவியில் எப்போது பேசுகிறார், ஊத வேண்டிய இடத்தில் எத்தனை முறை ஊதாமல் ஆட்டத்தை ஓட விடுகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.