ஹோஸ்ட்டுக்கு யார் காவல்?

ஹோஸ்ட் சர்வரில் ஒரு ஆண்டிவைரஸ் போட்டால் போதாதா, உள்ளே ஓடும் விர்ச்சுவல் மெஷின் ஒவ்வொன்றுக்கும் தனி லைசென்ஸ் எதற்கு என்று கணக்குப் பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். போதாது. ஹோஸ்ட்டைப் பொறுத்தவரை ஒரு மெஷினின் டிஸ்க் முழுவதும் ஒரே பெரிய ஃபைல். உள்ளேயிருக்கும் விண்டோஸில் யார் எந்த மெயிலைத் திறந்து எதை இறக்கினார் என்பது அதற்குத் தெரியாது.

அந்த ஃபைலை ஹோஸ்ட்டிலிருந்து ஸ்கேன் செய்யப்போனாலும் வம்புதான். விண்டோஸின் ஹைப்பர்-வி ஹோஸ்ட்டில், மெஷின்களின் டிஸ்க்கான விஎச்டிஎக்ஸ் ஃபைல்களுக்கு ஸ்கேனிலிருந்து விலக்கு கொடுக்காவிட்டால், மெஷின் கிளம்ப மறுக்கலாம். பட்டியலிலிருந்தே காணாமலும் போகலாம். எல்லா மெஷினிலும் ஒரே நேரத்தில் முழு ஸ்கேன் ஓடினால் பொது ஸ்டோரேஜ் திணறும். நேரத்தைப் பிரித்து வைத்தால் அது சரியாகிவிடும்.

எனக்குப் பெரும் கவலை ஹோஸ்ட்தான். 2023 பிப்ரவரியில் ஐரோப்பாவில், குறிப்பாக பிரான்சில், விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஈஎஸ்எக்ஸ்ஐ மென்பொருள் கொண்ட ஹோஸ்ட்கள் ஆயிரக்கணக்கில் ரான்சம்வேரில் சிக்கின. வழக்கமான ஆண்டிவைரஸை ஈஎஸ்எக்ஸ்ஐயில் நிறுவ வழியில்லை. தாக்கியவர்கள் எந்த மெஷினுக்குள்ளும் நுழையவில்லை. அடியிலிருந்த ஹோஸ்ட்டைப் பிடித்து, மெஷின்களின் டிஸ்க், அமைப்பு ஃபைல்களான விஎம்டிகே, விஎம்எக்ஸ் ஆகியவற்றைப் பூட்டினார்கள். மெஷினுக்குள் இருந்த ஆண்டிவைரஸ் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்திருந்தாலும் பயனில்லை. வீட்டுக்குள் காவலாளி விழித்திருக்க, வீட்டையே பெயர்த்துக்கொண்டு போன கதை. நுழைவழி என்று கணிக்கப்பட்ட ஓட்டைக்கு 2021 பிப்ரவரியிலேயே பேட்ச் வந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளாக அதைப் போடாமல், ஹோஸ்ட்டை இணையத்துக்கு நேராகத் திறந்தும் வைத்திருந்ததுதான் வேதனை.

ஆண்டிவைரஸே ஆபத்து என்பவர்களும் உண்டு. 2024 ஜூலையில் பாதுகாப்பு மென்பொருள் ஒன்றின் பிழையான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது உண்மைதான். அதற்காக மெஷின்களைக் காவலின்றி விட முடியாது.

ஹோஸ்ட்டைக் காக்க வழி வேறு. அதில் வேறெந்த வேலையும் நடக்கக்கூடாது: பிரவுசர் வேண்டாம், ஃபைல் ஷேரிங் வேண்டாம். நிர்வாகத்துக்குத் தனி நெட்வொர்க், இரட்டைச் சரிபார்ப்போடு லாகின், வந்தவுடன் பேட்ச். பேக்கப் சர்வரை ஹோஸ்ட்டின் அதே அட்மின் பாஸ்வேர்டில் வைத்திருக்கிறார்களே, அதை இன்றே மாற்றுங்கள். ஹோஸ்ட்டைப் பிடித்தவர் அடுத்துத் தேடுவது பேக்கப்பைத்தான்.