கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் எடை

மூன்று வாரமாகச் சோற்றைக் குறைத்து, பலகாரத்தை நிறுத்திக் கட்டுப்பாடாக இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணப் பந்தி. திங்கள் காலை எடை பார்த்தால் ஒன்றரை கிலோ ஏறியிருக்கிறது. பட்ட பாடெல்லாம் வீண் என்று அன்றைக்கே பலர் விட்டுவிடுகிறார்கள். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், அன்றாடச் செலவு போக ஏறத்தாழ 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். ஒரு இட்லிக்கு 60 கலோரி என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை கிலோவுக்கு வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் சுமார் 190 இட்லி சாப்பிட்டிருக்க வேண்டும். யாராலும் முடியாது. அப்படியானால் ஏறியது கொழுப்பல்ல. பெரும்பகுதி தண்ணீர், மிச்சம், இன்னும் குடலில் இருக்கும் சாப்பாடு.

தண்ணீர் ஏன் தங்குகிறது? சோறும் பாயசமும் செரித்துச் சர்க்கரையாகின்றன. உடனே செலவாகாததை ஈரலும் தசைகளும் கிளைகோஜன் என்ற மாவுப்பொருளாக்கிச் சேமிக்கின்றன. உலையில் அரிசி தண்ணீரை இழுத்துக்கொள்கிறதல்லவா, அதுபோல ஒரு கிராம் கிளைகோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். சேமிப்பு நிறைந்திருந்தால் கிளைகோஜன் அரைக் கிலோ. தண்ணீரோடு இரண்டு கிலோ.

சோற்றையும் சர்க்கரையையும் விலக்கும் பேலியோ உணவுமுறையைத் தொடங்கினால் கிளைகோஜன் சேமிப்பு கரைகிறது; முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவதும் இதனால்தான். அப்போது போனதிலும் பெரும்பகுதி இந்தத் தண்ணீரே. அந்த இறக்கத்தைக் கொழுப்பென்று நம்பி மகிழ்ந்தவர்கள்தான் இந்த ஏற்றத்தில் அதிகம் உடைந்துபோகிறார்கள்.

பந்தியின் அப்பளம், ஊறுகாய், வடையிலுள்ள உப்பும் சேர்ந்துகொள்கிறது. ஒன்பது கிராம் உப்பு உடலில் தங்கினால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீரும் கூடவே தங்கும். சிறுநீரகம் சில நாளில் இரண்டையும் வெளியேற்றிவிடும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சி ஆகியவையும் எடையை இப்படி ஏற்றிக்காட்டும்.

ஆகவே தினமும் காலைக்கடன் முடித்து, எதுவும் சாப்பிடுமுன் எடை பாருங்கள். ஏழு நாளின் சராசரியை அடுத்த ஏழு நாளின் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதவிடாய் வரும் பெண்கள் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது நல்லது.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் எடை ஏறி, கால் வீங்கி, மூச்சும் வாங்கினால் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.