நேத்து வாங்கின மீன் இன்னைக்கு செத்து மிதக்குதா? மருந்து ஊத்துறதுக்கு முன்னாடி தண்ணீரைப் பாருங்க!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போய், பிள்ளை கை காட்டிய நான்கு கோல்டு ஃபிஷ்களை வாங்கி, பளபளவென்று கழுவி வைத்த புதுத் தொட்டியில் விடுகிறோம். திங்கள், செவ்வாய் நல்லாத்தான் நீந்துகின்றன. வியாழக்கிழமை ஒரு மீன் மூலையில் ஒதுங்குகிறது. வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு மீன்கள் மிதக்கின்றன.

"அண்ணாச்சி, சீக்கு மீனைக் கொடுத்துட்டீங்களே" என்று கடையில் கேட்டால், "இங்க இருந்த வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று பதில் வரும். பெரும்பாலும் அவர் சொல்வது உண்மைதான். புது மீன்கள் அடுத்தடுத்து இறப்பதற்கு நோயைவிடத் தண்ணீரே அதிகம் காரணமாகிறது. பார்க்கத் தெளிவாக இருக்கும் தண்ணீரும் மீனுக்கு விஷமாக இருக்கலாம். அது எப்படி? என்ன செய்யலாம்? விரிவாகப் பார்ப்போம்.

மீன் எப்போது இறந்தது? அதுதான் முதல் துப்பு

தொட்டியில் விட்டு எத்தனை நாளில் இறந்தது என்று யோசித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

விட்ட சில மணி நேரத்தில், அல்லது மறுநாளுக்குள் இறந்தால்: குளோரின், வெப்பநிலை மாற்றம், பயணக் களைப்பு.

மூன்றாம் நாளில் இருந்து இரண்டு, மூன்று வாரங்களுக்குள் ஒவ்வொன்றாக இறந்தால்: அம்மோனியா, நைட்ரைட்.

சில நாட்கள் கழித்து உடலில் புள்ளி, பஞ்சு போன்ற படலம், கிழிந்த துடுப்பு எனத் தெளிவான அறிகுறிகளோடு இறந்தால்: நோய்.

முதல் நாளே இறப்பது ஏன்?

தூத்துக்குடி மாநகராட்சிக் குழாயில் வருவது குளோரின் கலந்த தாமிரபரணித் தண்ணீர். குளோரின் நமக்குப் பாதுகாப்பு. மீனுக்கோ அது செவுளை அரிக்கும் மருந்து. குழாய்த் தண்ணீரை நேராகத் தொட்டியில் பிடித்தால் எல்லா மீனும் ஒரே நாளில் போய்விடலாம். வாய் அகன்ற பக்கெட்டில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு 24 மணி நேரம் வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். அவசரம் என்றால் கடையில் கிடைக்கும் 'ஆன்டி குளோரின்' சொட்டு மருந்து போதும். அதில் பொதுவாக இருப்பது சோடியம் தயோசல்பேட்.

"குழாய்த் தண்ணி வேண்டாம், போர் தண்ணி ஊத்திடலாம்" என்று சிலர் நினைப்பார்கள். கடலோர ஊர் என்பதால் இங்கே பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். கடையில் மென்மையான தண்ணீரில் பழகிய மீனை அதில் திடீரென விட்டால் தாங்காது. கடைக்காரர் எந்தத் தண்ணீர் பயன்படுத்துகிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது பயணம். தமிழ்நாட்டில் வண்ண மீன் வியாபாரத்தின் பெரிய மையம் சென்னை கொளத்தூர். அங்கிருந்து தூத்துக்குடிக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையில் ஓர் இரவு முழுக்கப் பயணம் செய்யும் மீன் களைத்துப்போயிருக்கும். அதனால், லோடு வந்து இறங்கிய அன்றே மீன் வாங்காதீர்கள். ஒரு வாரம் கடைத் தொட்டியில் இருந்து, நன்றாகத் தின்னும் மீனை வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரிக்காமல் 15 முதல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாகட்டும். பிறகு பையைத் திறந்து, தொட்டித் தண்ணீரை அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சிறு வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

தெளிவான தண்ணீர் விஷமாவது எப்படி?

இதுதான் புதிதாக மீன் வளர்ப்பவர்கள் பலருக்கும் தெரியாத விஷயம். மீன் தன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். குளத்திலும் ஆற்றிலும் அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் உண்டு. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் குறைந்த அளவிலேயே விஷம். நைட்ரேட் அந்த அளவுக்கு ஆபத்து இல்லை.

புதுத் தொட்டியில் அந்த பாக்டீரியாக்கள் போதுமான அளவில் இருக்காது. ஃபில்டர் பஞ்சிலும் கற்களிலும் அவை குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்குள் நாம் நான்கு மீன்களை விட்டு, பாசத்தில் மூன்று வேளை தீனியும் போட்டால் என்ன ஆகும்? விஷம் ஏறிக்கொண்டே போகும், தண்ணீர் மட்டும் கண்ணாடி போல இருக்கும்.

நம்ம ஊர் வெயிலும் இதில் சேர்கிறது. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். சூடும் காரத்தன்மையும் கூடினால் அம்மோனியாவின் விஷமும் கூடும். பிஎச் 7-ல் இருந்து 8-க்குப் போனால் அம்மோனியாவின் விஷ வடிவம் ஏறத்தாழ 10 மடங்காகும். கடினமான போர் தண்ணீரில் பிஎச் 8-ஐத் தொடுவது சாதாரணம்.

அறிகுறிகள் என்ன? மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செவுள் சிவந்து வீங்கியது போலத் தெரியும். துடுப்பை மடக்கிக்கொண்டு அடியில் படுக்கும். நைட்ரைட் ஏறினால் ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், செவுள் பழுப்பாக மாறும்.

உடனே என்ன செய்யணும்?

1. தீனியை இரண்டு நாள் நிறுத்துங்கள். ஆரோக்கியமான மீன் இரண்டு நாள் பட்டினியால் சாகாது.

2. ஏர் பம்பை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். கரண்ட் கட் ஆகும் பகுதி என்றால் பேட்டரி பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

3. இறந்த மீனை உடனே எடுத்துவிடுங்கள். அது அழுகினால் அம்மோனியா இன்னும் ஏறும்.

4. மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது, சூடும் ஒத்துப்போக வேண்டும். மீன் தேறும் வரை தினமும் கொஞ்சம் மாற்றலாம்.

5. மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவாதீர்கள். குடியேறத் தொடங்கிய பாக்டீரியாவும் போய்விடும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசுவதும் அதே தவறுதான். தொட்டியில் இருந்து எடுத்த பழைய தண்ணீரில் லேசாகப் பிழிந்தால் போதும்.

6. அம்மோனியா, நைட்ரைட், பிஎச் பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்குங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட வேண்டும்.

தூத்துக்குடி கல் உப்பு கைகொடுக்குமா?

கொடுக்கும், அளவோடு போட்டால். நம் உப்பளத்துக் கல் உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உடலுக்குள் நுழைவதைத் தடுக்கும். 10 லிட்டருக்கு 10 கிராம், அதாவது சுமார் இரண்டு டீஸ்பூன். தனியே கரைத்து, ஒரு நாளில் இரண்டு மூன்று தவணையாக ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது. அதனால் தண்ணீர் வற்றும்போது உப்பு சேர்க்காத தண்ணீரைத்தான் நிரப்ப வேண்டும். செதில் இல்லாத கெளுத்தி வகைகளும் நீர்ச்செடிகளும் உப்பைத் தாங்காது, கவனம்.

"உப்புதானே, கடல் தண்ணியே ஊத்தலாமே?" என்று கேட்காதீர்கள். கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. நன்னீர் மீன் பிழைக்காது.

அப்போ நோயே வராதா?

வரும். அதிகம் வருவது வெண்புள்ளி நோய். உடம்பிலும் துடுப்பிலும் உப்புக் கல் தூவியது போலப் புள்ளிகள் தெரியும், மீன் கல்லிலும் கண்ணாடியிலும் உரசும். இது ஓர் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. கீழே விழுந்து, பெருகி, குஞ்சுகளாக நீந்தி வரும்போதுதான் மருந்து வேலை செய்யும். புள்ளி மறைந்ததும் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள், சில நாளில் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். பாட்டிலில் போட்டிருக்கும் நாட்கள் முழுவதும் கொடுங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் அதை எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும்.

என்ன நோய் என்று தெரியாமல் ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவது வேண்டவே வேண்டாம். அது ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் கொல்லலாம். அம்மோனியாவால் தவிக்கும் மீனுக்கு அது இன்னொரு அடி. தொடர்ந்து மீன் இறந்தால் விவரம் தெரிந்தவர்களைக் கேளுங்கள். 1977-ல் தொடங்கப்பட்ட மீன்வளக் கல்லூரி நம் ஊரிலேயே இருக்கிறது.

கடலில் இருந்து பிடித்து வந்து வளர்க்கலாமா?

முத்து நகரில் இந்தக் கேள்வி சகஜம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. கடல் குதிரையும் பவளமும் 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். கடல் நீர்த் தொட்டியிலும் இதே அம்மோனியா கணக்குதான். முதல் முறை வளர்ப்பவர்கள் நன்னீர் மீனிலேயே தொடங்கலாம்.

அடுத்த முறை மீன் சாகாமல் இருக்க

பால் தயிராக உறை ஊற்றுகிறோம் இல்லையா? தொட்டிக்கும் அப்படித்தான். நோய் இல்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு துண்டு ஃபில்டர் பஞ்சு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். பாக்டீரியா சீக்கிரம் பெருகும். அது கிடைக்காவிட்டால், மீன் விடாமல் தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு, ஃபில்டரை ஓடவிட்டுக் காத்திருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு பூஜ்யத்துக்கு இறங்கும். அதன் பிறகே மீன் வாங்குங்கள்.

முதலில் இரண்டு மீன் போதும். இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரத் தொட்டியில் சுமார் 55 லிட்டர்தான் பிடிக்கும். அதிகம் கழிவு போடும் கோல்டு ஃபிஷ்ஷுக்கு அந்த இடம் இரண்டுக்குத்தான் காணும். அடுத்து வாங்கும் மீனைத் தனித் தொட்டியில் மூன்று வாரமாவது வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

மீன் வேண்டாம் என்று முடிவு செய்தால் ஆற்றிலோ குளத்திலோ விடாதீர்கள். அப்படி விடப்பட்ட சக்கர் மீன்கள் இன்று தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் உள்ளூர் மீன்களுக்குத் தொல்லையாகிவிட்டன. தெரிந்தவரிடமோ கடையிலோ கொடுத்துவிடலாம்.

"மீன் ஏன் செத்துச்சு?" என்று பிள்ளை கேட்டால், "நமக்கு ராசியில்லை" என்று சொல்ல வேண்டாம். டெஸ்ட் கிட்டைக் கையில் கொடுத்து, "வா, தண்ணியைப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அடுத்த மீனைக் காப்பாற்ற அதுவே முதல் வேலை.