நெய்தல் நிலத்தில் நிகழ்தகவு

நெய்தல் நில வாழ்வு உறுதியின்மையோடு கைகோத்து நடப்பது. வலை இறங்கும் இடம் தெரியும். வலையில் ஏறுவது தெரியாது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்த பெருமையுடையது பழவேற்காட்டு ஏரி. அதனைச் சார்ந்து வாழும் மீனவ ஊர்களுள் ஒன்று பசியாவரம். இத்தகைய ஊர்களில் பிறந்து மேல்நிலைப் பள்ளியில் கணிதம் பயிலும் மாணவச் செல்வங்களுக்கு நிகழ்தகவும் புள்ளியியலும் ஏன் அந்நியமாகத் தோன்றுகின்றன? தமிழ் பயிற்றும் நமக்குக் கணித வகுப்பில் என்ன வேலை என்று கேட்பார் கேட்கட்டும். சொல்லின் பொருள் விளங்காதபோது தமிழாசிரியன் வாளாவிருத்தல் முறையன்று.

தமிழ்நாட்டில் 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மேல்நிலைக் கணித நூல்களில், முதலாம் ஆண்டின் 12ஆம் இயல் நிகழ்தகவுக் கோட்பாட்டை அறிமுகம் செய்கிறது. இரண்டாம் ஆண்டின் 11ஆம் இயல் நிகழ்தகவுப் பரவல்களை விளக்குகிறது. நாணயம், பகடை, சீட்டுக்கட்டு ஆகியவற்றைக் கொண்டு கணக்குகள் அமைகின்றன. மாணவர் சூத்திரத்தை மனனம் செய்கின்றனர். விடை பிழையின்றி வருகிறது. வினா எதைப் பற்றியது என்பது மட்டும் விளங்குவதில்லை.

சூதும் சீட்டும்

பகடையைக் காட்டிக் கற்பிப்பது சூதைக் கற்பிப்பதாகாதா எனப் பெற்றோர் சிலர் ஐயுறுவதுண்டு. 1654ஆம் ஆண்டில் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட மடல்களில் இக்கலை வளர்ந்தபோது, அவர்கள் ஆராய்ந்தது சூதாட்டக் கணக்கே என்பது உண்மை. ஆயினும் சூது வேறு, சீட்டெடுத்தல் வேறு. சூதில் ஒருவன் இழப்பே மற்றவன் ஊதியம். சீட்டெடுப்பிலோ பொதுவாயுள்ள ஒன்றைப் பூசலின்றிப் பங்கிடுகிறோம். சூதினை ஓர் அதிகாரம் முழுதும் கடிந்தார் வள்ளுவர். சூதை விலக்கிய மார்க்கத்திலும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணத்தில் உடன்வரும் துணைவியாரைச் சீட்டுக் குலுக்கித் தெரிந்தார்கள் என நபிமொழி நூல்கள் கூறும். ஆகவே பெரியோர் இப்பாடத்தைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

ஏரி கற்பிக்கும் பாடம்

பழவேற்காட்டு மீனவரிடையே 'பாடு' என்னும் வழக்கு உண்டு. ஏரியில் வலை கட்டும் இடங்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. சில இடங்களில் இறால் மிகும், சிலவற்றில் குறையும். வல்லவன் நல்ல இடத்தைக் கைக்கொள்வது முறையாகாது என்பதால், உரிமையுடையோர் கூடிச் சீட்டெடுத்து, சுழற்சி முறையில் இடம் பங்கிட்டுக்கொள்வர். நிகழ்தகவுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

பத்து இடங்கள் உள்ளன, அவற்றுள் நான்கு நல்லவை என வைத்துக்கொள்வோம். முதலில் சீட்டெடுப்பவருக்கு நல்ல இடம் கிடைக்கும் நிகழ்தகவு 4/10. இரண்டாமவர், 'முந்தியவர் நல்லதை எடுத்துவிட்டால் என் கதி என்ன?' என்று கலங்குவார். கணக்கிட்டுக் காண்போம். முதல்வர் நல்ல இடம் பெற்றிருந்தால் இரண்டாமவர்க்கு 3/9, பெறாதிருந்தால் 4/9. இவற்றை உரிய நிகழ்தகவுகளால் பெருக்கிக் கூட்டின், 12/90 + 24/90 = 36/90. அதுவும் 4/10 தான்! முந்தி எடுத்தாலும் பிந்தி எடுத்தாலும் வாய்ப்பு ஒன்றே. இங்கு வந்த 3/9, 4/9 என்பனவே நிபந்தனை நிகழ்தகவுகள்.

இனி, மும்முறை தாழ்ந்த இடம் பெற்றவர், 'நான்காம் முறை நல்லது வந்தே தீரும்' என்று நம்புவார். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சீட்டெடுத்தால் அந்நம்பிக்கைக்கு இடமில்லை. சீட்டுக்கு நினைவு கிடையாது. மும்முறையும் தாழ்ந்த இடமே வரும் நிகழ்தகவு 216/1000, ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மிகுதி. அத்தனைக் குடும்பங்களைப் பசிக்க விடலாகாது என்பதால்தான் சீட்டோடு சுழற்சியும் இணைந்தது. சுழற்சியால் நெடுநாள் எதிர்பார்ப்பு மாறாது. ஏற்றத்தாழ்வாகிய பரவற்படி குறையும். எழுத்தறியாத முன்னோர் இச்சூத்திரத்தை வாழ்ந்து காட்டினர்.

குடத்துக்குள் யார்?

இத்துணை நேர்மையான முறையிலும் ஒரு வினா எஞ்சுகிறது. சீட்டு யார் யார் பெயரில் எழுதப்படுகிறது? பாட்டுரிமை குறித்த மரபுச் சமூகத்துத் தலைக்கட்டுகளுக்கே உரியது என்றும், அதே ஏரியை நம்பி வாழும் பிறர் அதற்குப் புறத்தே நிற்கின்றனர் என்றும் ஆய்வாளர் எழுதியுள்ளனர்.

முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளையும் இங்கு நினைத்தல் தகும். 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, 30 குடும்புகளிலிருந்து குடவோலை வழியே வாரியத்தாரைத் தெரிந்த முறையை விரித்துரைக்கின்றன. ஓலை எடுக்கும் பொறுப்பு விவரம் அறியாத சிறுவனிடம் விடப்பட்டது. எடுப்பதில் சூழ்ச்சிக்கு இடமே இல்லை. ஆயினும் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையோர் முதலாகத் தகுதியுற்றோர் பெயர்களே குடத்துள் இடப்பெற்றன. குடத்திலிருந்து எடுப்பதைக் கணிதம் ஆளும். குடத்துள் இடுவதை மனிதரே முடிவு செய்கின்றனர். கூறுவெளி என்று நூலில் வரும் சொல்லின் ஆழம் இதுதான்.

புள்ளியியலுக்கும் இது பொருந்தும். பத்துப் படகுகள் ஏரிக்குச் சென்று, நான்கு படகுகள் தலைக்குப் பத்துக் கிலோ கொணர்ந்தன. ஆறு வெறுமனே திரும்பின என்க. ஏலம் நடக்கும் இடத்தில் மட்டும் கணக்கெடுப்பவர் 'சராசரி பத்துக் கிலோ' என்று எழுதுவார். உண்மைச் சராசரியோ நான்கே. வெறும் வலையோடு நேரே வீடு சென்றவர் அவர் ஏட்டில் இல்லை. அவ்வேட்டை நம்பி உதவித்தொகை வகுத்தால், வாடியவர் வீட்டில் அடுப்பு எரியாது.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்று: பகடையை ஒருபுறம் வைத்துவிட்டு, மாணவர் ஊரின் பாட்டையும் படகையும் கரும்பலகைக்குக் கொண்டுவாருங்கள். மாணவர்க்கு நாம் சொல்வதும் ஒன்றே: எந்தச் சராசரியைக் கண்டாலும், எந்தக் குலுக்கலைக் கண்டாலும், விடையைத் தேடுமுன் குடத்துக்குள் யார் இருக்கின்றனர், யார் இல்லை என்று கேளுங்கள். அவ்வாறு கேட்கத் தெரிந்த பிள்ளை தேர்வில் வெல்வதோடு, தன் ஊருக்கும் கணக்குக் கேட்கும் நாவாக விளங்கும்.